சித்தப்பாவுக்கு எந்தக் காது மிஷின்?

சித்தப்பா முப்பது வருஷம் பாம்பனில் விசைப்படகு டிரைவர். காலடியிலேயே டீசல் இன்ஜின். இப்போது சித்தி "பங்கு வந்துருச்சா?" என்று கேட்டால், "சங்கா? யாரு எடுத்தா?" என்கிறார். காது கேட்கவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "எல்லாரும் வாய்க்குள்ளேயே பேசுறீங்க" என்பதுதான் அவர் புகார்.

அந்தப் புகார் உண்மை. எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்தான் ஆடியோகிராம். அதில் அவருடைய கோடு 1000 ஹெர்ட்ஸ் (சுருதியின் அளவு) வரை கிட்டத்தட்ட நேராகப் போய், 4000-க்குப் பக்கத்தில் குழியில் விழுகிறது. உள்காது சங்கு போலச் சுருண்டது. கீச்சு ஒலிகளை வாங்கும் மயிர்செல்கள் அதன் வாய்ப்பக்கம் இருக்கின்றன. இரைச்சலில் முதலில் சாவதும் அவைதான், செத்தால் திரும்ப முளைப்பதில்லை. அ, உ போன்ற உயிரொலிகள் சுருதியில் தாழ்ந்த ஒலிகள் என்பதால் தப்பிக்கின்றன. ச, த, க, ப தேய்ந்துபோகின்றன. அதனால் பேச்சு கேட்கும், புரியாது. பெண்கள், குழந்தைகள் பேசினால் இன்னும் கஷ்டம்.

எங்கள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் கிடைக்கும், காதில் மாட்டும் ஒலிபெருக்கி. அது எல்லா ஒலியையும் சேர்த்துத் தூக்கும். சித்தப்பாவுக்கு நன்றாகக் கேட்கும் மோட்டார் உறுமலும் கூடவே ஏறும். இரண்டு நாளில் கழற்றிவிட்டார். வாங்கிக் கொடுத்தது நான்தான், இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இரண்டாவது, காதுத் துளைக்குள் முழுசாகப் பொருந்தும் சின்ன மிஷின். வெளியே தெரியாது, அதனால் அவருக்குப் பிடித்தது. ஆனால் துளையை அடைத்துவிடுகிறது. சொந்தக் குரலே பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது போல முழங்கும். தாழ்ந்த ஒலி நன்றாகக் கேட்பவருக்கு இது பெரிய தொல்லை. போதாக்குறைக்கு வியர்வையும் காது அழுக்கும் நேராக மிஷினிலேயே படும்.

மூன்றாவது, காதுக்குப் பின்னால் உட்காரும் மிஷின். மெல்லிய குழாய் ஒன்று, அதன் முனையில் துளையிட்ட ரப்பர் குடை. தாழ்ந்த ஒலி இயல்பாகவே உள்ளே வரும், உயர்ந்த ஒலியை மட்டும் மிஷின் ஏற்றிக் கொடுக்கும். இந்த வகைக் குறைக்கு என் தேர்வு இதுதான். இதிலேயே ஸ்பீக்கர் காதுக்குள் இருக்கும் ரகமும் உண்டு. ஒலி இன்னும் துல்லியம்தான், ஆனால் உப்புக்காற்றும் வியர்வையும் உள்ள நம் கரையில் அந்த ஸ்பீக்கர்தான் முதலில் பழுதாகும். குழாய் ரகத்தில் குழாயை மாற்றினால் போதும். இரவில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து மூட வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு இலவச மிஷினைப் பலர் நம்புகிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கணக்கில் வர, இரண்டு காதிலும் பேச்சு அதிர்வெண்களில் 60 டெசிபல் இழப்பாவது வேண்டும். தாழ்ந்த ஒலி நன்றாகக் கேட்பவர்களின் சராசரி பெரும்பாலும் அந்த அளவை எட்டாது. இது அநியாயம் என்றே எனக்குப் படுகிறது. அப்புறம், எந்த மிஷினானாலும் ஆடியோகிராமைப் பார்த்து டியூன் செய்யாமல் விற்கும் கடையில் வாங்க வேண்டாம். திடீரென்று காது அடைத்துக்கொண்டாலோ, ஒரு காது மட்டும் மங்கினாலோ மிஷின் பேச்சே வேண்டாம், அன்றே காது டாக்டரிடம் போங்கள்.

படகில் இந்த மிஷின் கூடாது. ரப்பர் குடை திறந்தது, இரைச்சலைத் தடுக்காது. பஞ்சு அடைப்பதும் பயனில்லை. காதை அடைக்கும் நுரைத் தக்கையை உருட்டி, காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை விரலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். 85 டெசிபலில் 8 மணி நேரம்தான் பாதுகாப்பு எல்லை. மூன்று டெசிபல் ஏறினால் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். காதை வெளியிலிருந்து மூடும் காதுறை தக்கையைவிட எளிது, ஆனால் இன்ஜின் அறை வெக்கையில் யாரும் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

மிஷினுக்குப் பழக வாரக்கணக்கில் ஆகும். அதனால் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஆரம்பித்தோம். முதல் வாரம் தினம் இரண்டு மணி நேரம், வீட்டுக்குள் மட்டும். பிளாஸ்டிக் பை சரசரப்பே அவருக்கு எரிச்சலாக இருந்தது. மூன்றாம் வாரம், சித்தி மீன் பொரிக்கும்போது அடுப்படி வாசலில் வந்து நின்றார். எண்ணெய் இப்படியா சத்தம் போடும் என்று கேட்டார்.