மூன்று விளக்கும் எரியும் வரை: ஏலியன் ஐசொலேஷனோடு ஐந்து வருடம்

போன கிழமை மல்லாவியில் இருக்கும் நண்பன் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தான். "மச்சான், அந்த ஏலியன் கேம் நல்ல விலைக்கழிவில போகுது. நீ கனகாலமா விளையாடுறாய்தானே, வேண்டலாமோ?"

அவன் கேட்ட நேரம் சரியில்லை. அதற்கு முதல்நாள் இரவு விசுவமடுவில் இடி மின்னலோடு மழை. திடீரென்று கரண்ட் போனது, கரண்ட் போனால் கணினியைக் கொஞ்ச நேரம் தாங்க வேண்டிய யூபிஎஸ் ஒரு தரம் கீச்சென்று கத்திவிட்டு அணைந்தது, நாற்பது நிமிட விளையாட்டு அப்படியே போனது. விடிந்ததும் யூபிஎஸ்ஸை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு கிளிநொச்சிக்குப் போய், பற்றரி மாற்றக் கொடுத்துவிட்டு வந்து இருந்தபோதுதான் அவனுடைய கேள்வி வந்தது. அதனால் பதில் நீண்டுவிட்டது. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

கேமைப் பற்றித் தெரியாதவர்கள் குறைவு. 2014இல் வந்தது. டோட்டல் வோர் என்ற போர்த்தந்திர விளையாட்டுகளால் பெயர் எடுத்த கிரியேட்டிவ் அசெம்பிளி செய்தது. செவஸ்டப்போல் என்ற விண்வெளி நிலையம், தாயைத் தேடி வரும் பொறியியலாளர் அமாண்டா ரிப்ளி, கொல்லவே முடியாத ஒரு ஏலியன். என் பழைய கணினியிலேயே தங்குதடையில்லாமல் ஓடுகிறது. 35 ஜிபி வேண்டும், அதை இரவு டேட்டாவில் நாலு இரவு இறக்கினேன். 2020 ஊரடங்குக் காலத்தில் தொடங்கி இரண்டு தரம் முடித்துவிட்டேன், இப்போது மூன்றாவது தரம்.

நான் சொல்ல வந்தது சேவ் பண்ணும் முறையைப் பற்றி.

இந்த கேமில் நினைத்த இடத்தில் சேவ் பண்ண முடியாது. சுவரில் ஆங்காங்கே அவசரத் தொலைபேசி மாதிரி ஒரு பெட்டி இருக்கும். அதைத் தேடிப் போய் அட்டையைச் செருக வேண்டும். செருகியதும் ஒரு விளக்கு எரியும், பிறகு இரண்டாவது, பிறகு மூன்றாவது. மூன்றும் எரிந்த பிறகுதான் சேவ் ஆகும். மொத்தம் சில நொடிகள்தான். ஆனால் அந்தச் சில நொடியும் கேம் நிற்காது. ஏலியன் பின்னால் வந்தால் அட்டை செருகிய நிலையிலேயே சாக வேண்டியதுதான். பக்கத்தில் ஆபத்து இருந்தால் பெட்டியே எச்சரிக்கும், ஆனாலும் சேவ் பண்ணவா வேண்டாமா என்பதை நாங்கள்தான் முடிவு எடுக்க வேண்டும்.

ஐந்து வருடத்துக்குப் பிறகும் சொல்கிறேன், நான் விளையாடிய பயங்கர கேம்களில் இதைவிட நல்ல யோசனையைக் கண்டதில்லை. மற்ற கேம்களில் ஒவ்வொரு கதவுக்கும் ஒரு தானியங்கிச் சேவ். செத்தால் அரை நிமிடம் பின்னால் போவோம், அவ்வளவுதான். சாவுக்கு விலை இல்லாவிட்டால் பயம் எங்கிருந்து வரும்? இங்கே கடைசியாக சேவ் பண்ணி அரை மணித்தியாலம் ஆகிவிட்டது என்று மனம் கணக்குப் பார்க்கத் தொடங்கியதும் நடையே மாறிவிடும். குனிந்து போவோம். மூலைக்கு மூலை நின்று கேட்போம். கூரைக் காற்றுத் துவாரத்திலிருந்து எச்சில் வடிகிறதா என்று அண்ணாந்து பார்ப்போம். தெரியாமல் அதற்குக் கீழே போனால் மேலேயே இழுத்துவிடும்.

அந்த ஏலியனும் ஒரே பாதையில் சுற்றும் பொம்மை இல்லை. அதற்கு இரண்டு மூளை என்று சொல்லலாம். மேலே இருக்கும் ஒன்றுக்கு நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று எப்போதும் தெரியும். ஆனால் அது இடத்தைச் சரியாகச் சொல்லிக் கொடுக்காது, 'அந்தப் பக்கம் போய்ப் பார்' என்று மட்டும் அனுப்பும். கீழே அலைகிற ஏலியன் தன் கண்ணாலும் காதாலும்தான் தேட வேண்டும். அதனால்தான் மூன்றாவது தரமும் எனக்கு அது எங்கிருந்து வரும் என்று தெரியாது.

சரி, இனிக் கோபத்துக்கு வருகிறேன்.

ஏலியன் என்னைக் கொன்றால் அது என் பிழை. ஓடியிருக்கக்கூடாது, அலுமாரிக்குள் ஒளிந்திருக்க வேண்டும், அசைவு காட்டும் கருவியை அது கிட்ட நிற்கும்போது எடுத்துச் சத்தம் வரவைத்திருக்கக்கூடாது. ஏற்றுக்கொள்கிறேன். திரும்பப் போய் வேறு விதமாக முயல்வேன். ஆனால் கரண்ட் போவது யாருடைய பிழை? அதில் நான் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? கேமுக்கு இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டுக்கும் ஒரே தண்டனை.

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அப்போதுதான் இரண்டாவது தரம் விளையாடத் தொடங்கியிருந்தேன். ஐந்தாவது கட்டத்தில் வைத்தியசாலைப் பகுதி வரும். ஏலியனோடு முதல் தரம் நீண்ட நேரம் தனியாக அகப்படும் இடம் அது. விளையாடிய எவரைக் கேட்டாலும் அந்த நடைபாதைகளைச் சொல்வார்கள். அட்டவணை போட்ட மின்வெட்டு என்றால் சமாளிக்கலாம். ஏழு மணிக்கு வெட்டு என்றால் ஆறரைக்கே சேவ் பெட்டியைத் தேடிப் போய்விடுவேன். அட்டவணையில் இல்லாத வெட்டுகள்தான் என்னை முறித்தன. அந்த ஒரு கட்டத்துக்கு இரண்டு கிழமைக்கு மேல் எடுத்தது. கேமில் செத்ததைவிடக் கரண்ட் போய்த் திரும்பத் தொடங்கியதுதான் கூட.

கரண்ட் இல்லாமல் வளர்ந்தவன் நான். சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஜாம் போத்தல் விளக்குதான். ரேடியோ கேட்க அப்பா சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் ஓடவிடுவார். எப்போதாவது ஒரு வீட்டில் ஜெனரேற்றர் போட்டுப் படம் காட்டினால் ஊரே முற்றத்தில் இருக்கும். எண்ணெய் முடிந்தால் படமும் முடிந்தது, கடைசிச் சண்டை என்ன ஆனது என்று வருடக்கணக்காகத் தெரியாமல் இருந்த படங்கள் உண்டு. அதற்கெல்லாம் யாரும் கோபப்பட்டதில்லை. இப்போது ஏன் இவ்வளவு கோபம் வருகிறது என்று யோசித்துப் பார்த்தேன். அந்தப் படம் எங்களுடைய உழைப்பு இல்லை. இந்த நாற்பது நிமிடம் நான் மூச்சைப் பிடித்துச் சம்பாதித்தது.

மூச்சைப் பிடித்து என்பது உண்மையாகவே. அலுமாரிக்குள் ஒளிந்திருக்கும்போது ஏலியன் கதவுக்குக் கிட்ட வந்து மோப்பம் பிடிக்கும். அப்போது ஒரு பொத்தானை அழுத்தி அமாண்டாவின் மூச்சை அடக்க வேண்டும். கன நேரம் அடக்கினால் அவளுடைய உயிர் குறையும். நானும் அவளோடு சேர்ந்து அடக்கிக்கொண்டுதான் இருப்பேன். ஒரு நாள் அம்மா கதவடியில் நின்று பார்த்திருக்கிறா. "ஏன் பிள்ளை, மேலால என்ன போகுது?" என்று கேட்டா. திரையை அவ பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்திருக்கிறா. 2009இல் பங்கருக்குள் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். அன்றிலிருந்து அம்மா நித்திரை கொண்ட பிறகுதான் விளையாடுகிறேன், ஹெட்செட் போட்டுத்தான். நண்பனுக்கும் இதைச் சொன்னேன், அவன் வீட்டிலும் அம்மம்மா இருக்கிறா.

ஹெட்செட் இல்லாமல் இதை விளையாடுவதும் வீண்தான். ஏலியன் மேலே துவாரத்துக்குள் ஊர்கிறதா, தரையில் நடக்கிறதா என்பது காலடிச் சத்தத்தில்தான் தெரியும். பனம்பழக் காலத்தில் எங்கள் தகரக் கூரையில் பழம் விழும்போது ஹெட்செட்டையும் தாண்டிக் கேட்கும். அப்படி விழுந்த ஒரு நேரத்தில் கேமுக்குள் பதறி ஓடி, அதனாலேயே பிடிபட்டேன். பிளேஸ்டேஷன் 4இல் விளையாடுபவர்கள் இன்னும் கவனம். மைக்கைப் பாவிக்கும் வசதியைப் போட்டுவிட்டால் அறைச் சத்தமும் ஏலியனுக்குக் கேட்கும்.

மற்றக் குறைகள் சின்னது. கடைசி மூன்றில் ஒரு பங்கு இழுபடுகிறது, முடிந்தது என்று நினைக்கும்போதெல்லாம் இன்னொரு மின்தூக்கி, இன்னொரு நெம்புகோல். தீ எறியும் துப்பாக்கி கைக்கு வந்த பிறகு பயம் கொஞ்சம் தளர்கிறது. இதற்கெல்லாம் நான் சண்டை பிடிக்க மாட்டேன்.

சேவுக்கு ஒரு வழி இருந்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் பின்னணியில் ஒரு தற்காலிகப் பதிவு போட்டால் போதும். ஏலியன் கொன்றால் அந்தப் பதிவு அழிந்துவிட வேண்டும், சுவர்ப் பெட்டியிலிருந்துதான் திரும்பத் தொடங்க வேண்டும். கரண்ட் போனால் மட்டும் அது காப்பாற்ற வேண்டும். பயம் ஒரு சொட்டும் குறையாது. அடுத்த பாகம் தயாராகிறது என்று 2024 ஒக்டோபரில் அறிவித்தார்கள். மூன்று விளக்கையும் அப்படியே வைத்துக்கொண்டு இதை மட்டும் சேர்த்தால், முதல் நாளே முழு விலை கொடுத்து வாங்குவேன்.

நண்பனுக்கு என்ன சொன்னேன் என்றால், இப்போதைக்கு வாங்காதே என்றுதான். இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் என்று கேட்டான். மாரி தொடங்கிவிட்டது, மல்லாவியில் ஒரு மின்னலுக்கு மூன்று தரம் கரண்ட் போகும், அவனிடம் யூபிஎஸ்ஸும் இல்லை. ஐந்தாவது கட்டத்திலேயே வெறுத்துப்போய் அழித்துவிடுவான், பிறகு ஒருநாளும் திரும்பத் தொடமாட்டான். இந்த கேமை அப்படி இழக்க அவனை விடமாட்டேன். புதுப் பற்றரி இருபது நிமிடம் தாங்கும் என்று கடையில் சொன்னார்கள், நேற்று மெயின் சுவிட்சை நிறுத்திப் பார்த்தேன், பதினேழு நிமிடம் நின்றது. ஒரு சேவ் பெட்டியிலிருந்து அடுத்ததுக்குப் போக அது போதும். தை பிறந்து மழை விடட்டும், சனிக்கிழமை பின்னேரம் வரச் சொல்லியிருக்கிறேன். ஹெட்செட்டை அவனிடம் கொடுத்துவிட்டு நான் பக்கத்தில் இருப்பேன்.