நீதிக்கட்சியா, சுதந்திராவா: எது உருப்படியாக மறைந்தது?

இரண்டுமே சென்னையில் அறிவிக்கப்பட்ட கட்சிகள். 1916இல் நீதிக்கட்சி, 1959இல் சுதந்திரா. இரண்டையும் காங்கிரஸ்காரர்கள் பணக்காரர் கட்சி என்று ஏசினார்கள். ஜமீன்தார்களும் மகாராஜாக்களும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்ததால் அந்த ஏச்சு ஒட்டிக்கொண்டது.

நீதிக்கட்சிக்கு அதிர்ஷ்டம் முதலிலேயே அடித்தது. 1920 சென்னை மாகாணச் சட்டமன்றத் தேர்தலைக் காங்கிரஸ் புறக்கணிக்க, தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களில் 63 இதற்கு வந்தன. எதிரியே இல்லாத மைதானத்தில் அடித்த கோல்தான், சரி. ஆனால் கிடைத்த அதிகாரத்தை வீணாக்கவில்லை. அரசு வேலையைச் சாதிவாரியாகப் பங்கிட்ட வகுப்புவாரி அரசாணை, பெண்களுக்கு வாக்குரிமை, முதல்வர் பனகல் அரசர் விடாப்பிடியாக நின்று கொண்டுவந்த இந்து அறநிலையச் சட்டம் எல்லாம் அந்த ஆறு வருடத்தில் வந்தவை. தி.நகரில் துணி எடுக்கப் போகிறவர்கள் கவனித்திருப்பார்களோ என்னவோ: நகரின் பெயரில் தியாகராயர், பூங்காக்களில் பனகலும் நடேசனும், ஒரு சாலையில் டாக்டர் நாயர். கட்சியின் தலைவர்கள் பட்டியலே அங்கே இருக்கிறது.

சரிவு உள்ளிருந்தே தொடங்கியது. 1921 புளியந்தோப்பு ஆலை வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடர்கள் மனம் கசந்தார்கள், 1923இல் அவர்களின் தலைவர் எம்.சி. ராஜா கட்சியைவிட்டு வெளியேறினார். அப்புறம் முப்பதுகளில் நீதிக்கட்சி முதல்வர் பொப்பிலி அரசரின் ஆட்சி. உலகப் பொருளாதார மந்தத்தில் விவசாயி வரி கட்ட முடியாமல் தவித்தபோது அமைச்சர்களின் மாதச் சம்பளம் 4,000 ரூபாய்க்கு மேல். 500 ரூபாய் போதும் என்றது காங்கிரஸ். 1937இல் 215 இடங்களில் காங்கிரஸுக்கு 159, நீதிக்கட்சிக்கு 18. பொப்பிலியே வி.வி. கிரியிடம் தோற்றார். முதல்வர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ராஜாஜி.

அதே ராஜாஜிதான் 80 வயதில், கூட்டுறவுப் பண்ணை வேண்டும் என்ற காங்கிரஸின் நாக்பூர் தீர்மானத்தை எதிர்த்து, என்.ஜி. ரங்கா, மினு மசானியோடு சுதந்திராவைத் தொடங்கினார். தொழில் செய்ய எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி கேட்கும் முறையை லைசென்ஸ் பெர்மிட் ராஜ் என்று அவர் சாடியது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மக்களவையில் 1962இல் 18 இடம். 1967இல் 44, எதிர்க்கட்சிகளில் அதுவே பெரியது. 1971இல் வெறும் 8. வறுமையை ஒழிப்போம் என்று இந்திரா காந்தி கிளம்பியபோது, முன்னாள் மன்னர்களுக்கு அரசு தந்த மன்னர் மானியத்தை ஆதரித்த கட்சியிடம் பதில் இல்லை. தமிழ்நாட்டில் ஆயுட்கால எதிராளி காமராசரோடு கைகோத்தும் பலிக்கவில்லை. 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தார். 1974இல் கட்சி சரண்சிங்கின் லோக்தளத்தில் கரைந்தது.

என் ஓட்டு நீதிக்கட்சிக்கு. சுதந்திரா சொன்னதில் பாதியை 1991இல் பொருளாதாரத் தாராளமயம் என்று காங்கிரஸே செய்தது, ஆனால் உரிமை கோர வாரிசு இல்லை. நீதிக்கட்சிக்கு வாரிசு கிடைத்தது, அதுவும் ராஜாஜி புண்ணியத்தில். அவர் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்க, எதிர்த்துச் சிறைபோன பெரியாரை 1938இல் கட்சி தலைவராக்கியது. 1944 சேலம் மாநாட்டில் அது திராவிடர் கழகமாயிற்று. அதிலிருந்து 1949இல் தி.மு.க. பிரிந்தது.

1967இல் அந்தத் தி.மு.க.வோடுதான் ராஜாஜி கூட்டணி வைத்தார். சட்டமன்றத்தில் தி.மு.க.வுக்கு 137, சுதந்திராவுக்கு 20. அண்ணாவின் அமைச்சரவையில் சுதந்திராக்காரர் ஒருவர்கூட இல்லை.