வண்டிகளுக்கு இடையிலான ரேடியோ இழப்பு: எந்த மாதிரி எதற்குத் தாங்கும்?

வண்டிகள் தம் இடம், வேகம், திசையை 5.9 கிகாஹெர்ட்ஸில் வினாடிக்கு 10 முறை வரை ஒலிபரப்புகின்றன. சராசரியாக 10% செய்திகள் தொலைகின்றன என்று வைத்துக்கொள்வோம். இதை மாதிரியாக்கப் பெர்னூலி, கில்பர்ட்-எலியட், முழு சிமுலேட்டர் என மூன்று வழிகள்.

பெர்னூலியில் ஒவ்வொரு பாக்கெட்டின் கதியும் தனித்தனி. தூரத்துக்கு ஏற்ற இழப்பு விகிதம் இருந்தால் போதும், ஸ்ப்ரெட்ஷீட்டிலேயே முடிந்துவிடும். தொடர்ந்து 3 செய்தி தொலைய வாய்ப்பு 0.1³, அதாவது 1000இல் 1.

கில்பர்ட்-எலியட்டில் சேனல் 'நல்ல', 'கெட்ட' என இரு நிலைகளில் மாறிமாறி இருக்கும். கெட்ட நிலையில் எல்லாம் தொலைகிறது, நல்ல நிலையில் எதுவும் தொலைவதில்லை என எளிமையாக்கிக்கொள்வோம். கெட்டதிலிருந்து மீளும் வாய்ப்பு r = 0.25 என்றால் சராசரி இழப்பு அதே 10% ஆக இருக்க, கெட்டதற்குள் விழும் வாய்ப்பு p = 0.028. இப்போது தொடர்ந்து 3 தொலைய வாய்ப்பு 0.1 × 0.75², அதாவது 1000இல் 56. சராசரி மாறவே இல்லை. ஆபத்து 56 மடங்கு! 3 செய்தி தொலைந்தால் இடைவெளி 400 மில்லிவினாடி; மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் அதற்குள் வண்டி 12 மீட்டர் போய்விடும். அவசர பிரேக் எச்சரிக்கைக்குப் பெர்னூலியை நம்பக் கூடாது.

இழப்பு கொத்தாக வரக் காரணங்கள் உண்டு. நடுவே லாரி புகுந்தால் அது விலகும்வரை சிக்னல் மங்கியே இருக்கும். டவர் உதவியின்றி வண்டிகளே தம் இடத்தைத் தேர்ந்துகொள்ளும் எல்டிஇ-வி2எக்ஸ் மோட் 4இல் இரு வண்டிகள் ஒரே நேர-அலைவரிசை இடத்தைப் பிடித்துவிட்டால், ஏதாவது ஒன்று இடம் மாறும்வரை ஒவ்வொரு செய்தியும் மோதும். எத்தனை செய்திக்குப் பின் இடம் மாறலாம் என்பதை ஒரு கவுன்ட்டர் எண்ணும்; 100 மில்லிவினாடி இடைவெளியில் அது 5 முதல் 15 வரை; பழைய இடத்தையே வைத்துக்கொள்ளும் வாய்ப்பை 0.8 என அமைத்தால் மோதல் இன்னும் நீளும். கவுன்ட்டரால் வரும் இந்த நீளம் கில்பர்ட்-எலியட் தரும் வால் வடிவத்தோடு (நீளம் கூடக் கூட வாய்ப்பு ஒரே விகிதத்தில் குறைவது) சரியாகப் பொருந்தாது. அங்கே ஒரு நிலையில் எவ்வளவு நேரம் இருக்கும் என்பதை நாமே அமைக்கக்கூடிய செமி-மார்கோவ் மாதிரி மேல்.

வண்டியில் பதிவான செய்தி லாகிலிருந்து p, r எடுக்க: 25 மீட்டர் தூரப் பட்டைகளாகப் பிரியுங்கள்; r = 1 ÷ தொடர் இழப்பின் சராசரி நீளம்; p = r × இழப்பு ÷ (1 − இழப்பு). சறுக்கும் இடம், தொலைந்தவற்றை எண்ணுவதுதான். வண்டியின் இடம், வேகத்தைச் சொல்லும் அமெரிக்க பிஎஸ்எம் செய்தியின் வரிசை எண் 0 முதல் 127 வரை சுழல்வது; 10 ஹெர்ட்ஸில் 12.8 வினாடி மௌனம் ஒரு சுற்றையே விழுங்கிவிடும். அதற்கு இணையான ஐரோப்பிய கேம் (CAM) செய்தி வண்டியின் அசைவைப் பொறுத்து 1 முதல் 10 ஹெர்ட்ஸ் வரை மாறும். அதில் அனுப்பாததை இழப்பாக எண்ணிவிடுவார்கள். அனுப்பிய வண்டியின் லாகும் கையில் வேண்டும்.

முழு சிமுலேட்டர்களான வீன்ஸ் (வண்டி ஓட்டத்துக்கு சூமோ + நெட்வொர்க்குக்கு ஓம்நெட்++) அல்லது என்எஸ்-3 மெதுவானவை. ஆனாலும் வண்டி நெரிசலையோ கவுன்ட்டர் அமைப்பையோ மாற்றினால் என்னாகும் என்ற கேள்விக்கு அவைதான் வழி. ஒரு நெரிசலில் பொருத்திய p, r இன்னொன்றில் செல்லாது. சேனலுக்கு, செய்திக்குச் செய்தி சிக்னல் வலுவைத் தனித்தனியாக ஏற்றி இறக்கும் நகாகாமி மாதிரியைப் போட்டு, தடுக்கும் லாரிகளை விட்டுவிட்டால் சிமுலேட்டரும் பெர்னூலியை ஒட்டிய, கொத்தில்லாத இழப்பைத்தான் காட்டும்.