பழைய ஃபோல்டரை அழிக்கும் ஸ்கிரிப்ட்: வயதா, பெயரா, எண்ணிக்கையா?

தினமும் இரவு 2 மணிக்கு ஒரு பேக்கப். ஒரு ஃபோல்டர் சுமார் 4 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்க் எட்டு மாதத்தில் நிரம்பிவிடும். அதற்குள் யாராவது உட்கார்ந்து பழையதை அழிக்க வேண்டும். யாரும் உட்கார மாட்டார்கள். ஒருநாள் காலை பில்லிங் கவுண்டரிலிருந்து போன் வரும், "சார், பில் சேவ் ஆக மாட்டேங்குது" என்று. அன்றைக்கு அவசரத்தில் எழுதும் ஸ்கிரிப்ட்தான் (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) அப்புறம் ஐந்து வருஷம் ஓடும்.

சிறு அலுவலகங்களின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. லினக்ஸ், விண்டோஸ் இரண்டும் உண்டு. எந்தக் கட்டளை நல்லது என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: ஒரு ஃபோல்டர் 'பழசு' என்று ஸ்கிரிப்ட் எதை வைத்து முடிவு செய்கிறது? கட்டளைகளை அந்தக் கண்ணோடுதான் இங்கே ஒப்பிடுகிறேன்.

ஃபைண்ட் + க்ரான்

லினக்ஸில் எல்லோரும் முதலில் கை வைப்பது இதில்தான். ஃபைல், ஃபோல்டர்களைத் தேடும் ஃபைண்டிடம் எம்டைம் (கடைசியாக மாறிய நேரம்) +30 என்று சொல்லி, கிடைப்பதை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்குத் தள்ளிவிட்டு, குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் க்ரானில் ஒரு வரி போட்டால் முடிந்தது. எந்த லினக்ஸிலும் ஓடும், எதையும் நிறுவ வேண்டாம். ஒரே வரியில் இவ்வளவு வேலை செய்யும் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த ஒரே வரியில் குழிகள் நிறைய. +30 என்றால் முப்பது நாள் என்று நினைப்போம். ஃபைண்ட் 24 மணி நேரக் கணக்கில் மீதியை விட்டுவிட்டு எண்ணுவதால், உண்மையில் 31 நாள் முடிந்த பிறகுதான் பிடிக்கும். தேடலை ஒரு படி உள்ளிருந்து தொடங்கவைக்கும் மின்டெப்த் 1 என்பதைப் போடாவிட்டால், பேக்கப்புகளை எல்லாம் வைத்திருக்கும் தாய் ஃபோல்டரே 'பழசு' பட்டியலில் வரலாம். டிலீட் என்ற சொல்லைத் தேதி நிபந்தனைக்கு முன்னால் எழுதிவிட்டால், ஃபைண்ட் வாங்கிய வரிசையிலேயே வேலை செய்யும்: முதலில் அழிக்கும், அப்புறம்தான் தேதியைப் பார்க்கும்.

இவையெல்லாம் பழகினால் தவிர்த்துவிடலாம். பழகியவர்களும் விழும் இடம் வேறு. ஃபோல்டரின் எம்டைம் நாம் நினைக்கும் தேதி கிடையாது. ஒரு ஃபோல்டருக்குள் நேரடியாக ஒரு ஃபைல் சேர்ந்தாலோ, நீங்கினாலோ, பெயர் மாறினாலோதான் அது மாறும். உள்ளே இருக்கும் ஃபைலைத் தினமும் திறந்து எழுதிக்கொண்டே இருந்தாலும் ஃபோல்டரின் தேதி அசையாது. சோதித்துப் பார்ப்பது சுலபம்: ஒரு ஃபோல்டரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் வைத்து, ஒரு நிமிஷம் கழித்து அதில் ஒரு வரி சேர்த்து, தேதி விவரம் காட்டும் ஸ்டாட் கட்டளையில் இரண்டையும் பாருங்கள். ஃபைலின் நேரம் நகர்ந்திருக்கும், ஃபோல்டரின் நேரம் அங்கேயே நிற்கும்.

இதைவிட மோசமான ஒன்றை என் கண்ணால் பார்த்தேன். ஓர் அலுவலகத்தில் ஃபோல்டர்களை நகலெடுக்கும் ஆர்சிங்க்கை ஆர்கைவ் முறையில், அதாவது தேதிகளையும் சேர்த்து நகலெடுக்கும் '-ஏ' உடன், ஓட்டிக்கொண்டிருந்தோம். அழிப்பதற்கு முன் வெறும் பட்டியல் மட்டும் எடுத்துப் பார்க்கிற வழக்கத்தில் ஓட்டினேன். அன்று அதிகாலை 2 மணிக்கு உருவான பேக்கப் ஃபோல்டர், அழிக்க வேண்டியவற்றில் முதலாவதாக நின்றது! காரணம் இதுதான். ஆர்சிங்க் மூல ஃபோல்டரின் தேதியையே புதிய ஃபோல்டருக்கும் பூசிவிடுகிறது. மூல ஃபோல்டரின் மேல்மட்டத்தில் போன வருஷத்துக்குப் பிறகு யாரும் எதையும் சேர்க்கவில்லை. ஆகவே இன்று பிறந்த பேக்கப்புக்கு வயது ஒன்றரை வருஷம். பட்டியல் பார்க்காமல் நேராக ஆர்எம் போட்டிருந்தால், ஒவ்வொரு இரவும் எடுத்த பேக்கப்பை அதே இரவு அழித்துக்கொண்டே இருந்திருக்கும்.

பவர்ஷெல்

விண்டோஸில் இரண்டு வழி. பழைய ஃபார்ஃபைல்ஸ் கட்டளை ஒரு பேட்ச் ஃபைலில் அடங்கிவிடும். ஆனால் நிபந்தனைக்கு எதுவும் சிக்காத நாளிலும் பிழை என்றே திரும்பும், விண்டோஸின் க்ரானான டாஸ்க் ஷெட்யூலரில் தினமும் தோல்வி என்று நிற்கும். உண்மையான தோல்வி வரும் நாளில் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். புதிதாக எழுதுகிறவர்கள் அதைத் தொட வேண்டாம்.

விண்டோஸின் புதிய கட்டளை மொழியான பவர்ஷெல் நல்ல தேர்வு. முக்கியக் காரணம் 'வாட்இஃப்'. அழிக்கும் ரிமூவ்-ஐட்டம் கட்டளையின் கடைசியில் அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் எதையும் அழிக்காமல், எதையெல்லாம் அழித்திருக்கும் என்று வரிவரியாகச் சொல்லும். ஓட்டிப் பார்க்கும் கட்டளையும் உண்மையில் அழிக்கும் கட்டளையும் ஒன்றாகவே இருப்பது பெரிய வசதி. ஃபைண்டில் பட்டியல் காட்டும் பிரிண்ட்டை எடுத்துவிட்டு டிலீட்டை எழுதும் அந்தக் கை மாற்றத்தில்தான் தப்பு நுழைகிறது.

ஆனால் தேதிப் பிரச்சினை இங்கேயும் அதேதான். லாஸ்ட்ரைட்டைம் (கடைசியாக எழுதிய நேரம்) லினக்ஸின் எம்டைம் போலவே நடந்துகொள்ளும். உருவான நேரமான கிரியேஷன்டைமை நம்பினால் வேறு சிக்கல்: எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு நகலெடுத்த நாளில் எல்லா ஃபோல்டரும் அன்று பிறந்ததாகிவிடும், முப்பது நாளைக்கு எதுவும் அழியாது. இது இடத்தைத்தான் அடைக்கும், தரவு போகாது. அந்த அளவுக்குப் பரவாயில்லை. இன்னொன்று, ரிமூவ்-ஐட்டம் ரீசைக்கிள் பின்னுக்கு அனுப்பாது. போனால் போனதுதான்.

சிஸ்டம்டியின் டெம்ப்ஃபைல்ஸ்

ஸ்கிரிப்டே வேண்டாம், ஒரு வரி அமைப்பு போதும் என்று, பல லினக்ஸ்களை இயக்கிவைக்கும் சிஸ்டம்டியோடு வரும் இந்தத் துப்புரவுக் கருவியைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. தற்காலிக ஃபைல்களுக்கு இது அருமை. கூடவே வரும் இயல்பான அமைப்பில் தற்காலிக ஃபோல்டர்களான டெம்ப்புக்கு 10 நாள், வார்-டெம்ப்புக்கு 30 நாள். எழுதிய நேரத்தோடு கடைசியாகப் படித்த நேரத்தையும் பார்ப்பதால், பயன்பாட்டில் இருப்பதைச் சட்டென்று தூக்காது.

பேக்கப் ஃபோல்டருக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். இது ஒவ்வொரு ஃபைலாக வயது பார்த்து அழிக்கும். நேற்று யாரோ திறந்து பார்த்த மூன்று ஃபைல் மட்டும் மிஞ்சி, மற்றவை போன ஃபோல்டர் உங்கள் கையில் நிற்கலாம். முழு ஃபோல்டராக இருந்தால்தான் பேக்கப்புக்கு அர்த்தம். 2024 ஜூனில் வந்த சிஸ்டம்டி 256ஆம் பதிப்பின் புதிய பர்ஜ் (மொத்தமாக அழிக்கும்) வசதியை ஓட்டியவர்களுக்கு ஹோம் ஃபோல்டரே அழிந்த கதையும் உண்டு. அடுத்த திருத்தத்தில் அதற்குக் கட்டுப்பாடு போட்டார்கள்.

பெயரை நம்புவது

ஃபோல்டருக்கு 2025-03-14 என்று வருஷம் முன்னால் வருமாறு பெயர் வைத்தால், அகர வரிசையே தேதி வரிசையாகிவிடும். ஸ்கிரிப்ட் வெட்டுத் தேதியைக் கணக்கிட்டு, பெயரை அதோடு ஒப்பிட்டால் போதும். நகலெடுங்கள், டிஸ்க் மாற்றுங்கள், ஆர்சிங்க் செய்யுங்கள், பெயர் மாறாது. அந்த வடிவத்தில் பெயர் இல்லாத எதையும் ஸ்கிரிப்ட் தொடாது. 'அம்மா_போட்டோ' என்று யாரோ அங்கே போட்டுவைத்த ஃபோல்டரும் பிழைக்கும். ஒரே ஓர் எச்சரிக்கை: க்ரான் டேபிளில் சதவீதக் குறியைப் புதிய வரி என்று எடுத்துக்கொள்வதால், சதவீதக் குறியோடு தேதி அமைக்கும் கட்டளையை அங்கேயே எழுதினால் பாதியில் வெட்டுப்படும். தனி ஸ்கிரிப்ட் ஃபைலில் எழுதுங்கள்.

எண்ணிக்கை

இதுவரை பார்த்த எல்லா வழிக்கும் பொதுவான ஓர் ஆபத்து உண்டு. பெயரைப் பார்ப்பதும் வயதுக் கணக்குதான் என்பதால் அதற்கும் சேர்த்தே சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் யாரோ பாஸ்வேர்ட் மாற்றியதில் பேக்கப் நின்றுபோனது. யாருக்கும் தெரியவில்லை. அழிக்கும் ஸ்கிரிப்ட் மட்டும் ஒழுங்காகத் தினமும் ஓடியது. நாற்பதாவது நாள் கணக்கு ஃபைல் கெட்டுப்போய், பேக்கப் ஃபோல்டரைத் திறந்தோம். காலி. முப்பது நாள் தாண்டியது எதுவும் மிஞ்சவில்லை, புதிதாக எதுவும் வரவுமில்லை. ஸ்கிரிப்டில் ஒரு பிழைகூட இல்லை. இரண்டு மாதக் கணக்கைத் தாளிலிருந்து திரும்ப ஏற்றினார்கள். அந்த வாரம் எனக்குத் தூக்கம் இல்லை.

'கடைசி 30 ஃபோல்டரை வை, மீதியை அழி' என்பது இந்த ஆபத்தை அடைத்துவிடும். பேக்கப் நின்றால் அழிப்பதும் தானாக நின்றுவிடும். இதற்கும் ஓர் ஓட்டை உண்டு. டிஸ்க் கோளாறில் தினமும் காலி ஃபோல்டர் உருவானால், முப்பது இரவில் நல்லதெல்லாம் வெளியே தள்ளப்பட்டுவிடும். ஆகவே பேக்கப் முழுதாக முடிந்தால் மட்டும் ஃபோல்டருக்குள் 'முடிந்தது' என்று ஒரு குட்டி ஃபைலை எழுதவைத்து, அது இருக்கும் ஃபோல்டர்களை மட்டும் எண்ணுங்கள்.

ரெஸ்டிக், போர்க் போன்ற பேக்கப் கருவிகளில் இந்தக் கணக்கு உள்ளேயே இருக்கிறது: தினசரி 7, வாரம் 4, மாதம் 12 என்று சொன்னால் அதிகபட்சம் 23 பிரதிகளில் ஒரு வருஷம் அடங்கும். அவற்றைப் பயன்படுத்துகிறவர்கள் தயவுசெய்து அவை பேக்கப்பைச் சேமிக்கும் களஞ்சியத்தின் மேல் ஃபைண்டை ஓட்டாதீர்கள். ஒரே தரவைத் திரும்பச் சேமிக்காமல் துண்டுகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை அது. இரண்டு வருஷத்துக்கு முன் எழுதிய துண்டு, இன்று காலை எடுத்த பேக்கப்புக்கும் தேவைப்படலாம். அங்கே பழசு என்பது வேண்டாதது ஆகாது.

எதில் எழுதினாலும்

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர்கம்ப்யூட்டரில் நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். பத்து நாளைக்கு மேலான லாக்குகளை (பதிவு ஃபைல்களை) ஃபைண்ட் வைத்து அழிக்கும் சாதாரண ஸ்கிரிப்ட்தான். அதைத் திருத்தி, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதியதை எழுதிவிட்டார்கள். லினக்ஸில் ஸ்கிரிப்டுகளை ஓட்டும் பாஷ், ஸ்கிரிப்டை முழுதாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை, படித்துக்கொண்டே ஓட்டும். நடுவிலிருந்து புது ஸ்கிரிப்டைப் படித்ததில், எந்த இடத்தில் அழிப்பது போன்ற மதிப்புகளை வைத்திருக்கும் வேரியபிள்கள் காலியாக இருந்தன. லாக்குக்குப் பதில் ஆராய்ச்சித் தரவு அழிந்தது: சுமார் 77 டெராபைட், 3.4 கோடி ஃபைல், 14 குழுக்கள். அவற்றில் 4 குழுக்களின் தரவைப் பேக்கப்பிலிருந்தும் மீட்க முடியவில்லை. 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற கேம் மென்பொருளின் லினக்ஸ் ஸ்கிரிப்ட் ஒருவரின் ஃபைல்களை அழித்ததும் இதே காலி வேரியபிளால்தான்.

ஆகவே வேரியபிள் காலியாக இருந்தால் அங்கேயே நிற்கும்படி, பாஷில் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டு எழுதுங்கள். முழு ஸ்கிரிப்டையும் ஒரு ஃபங்ஷனுக்குள் வைத்துக் கடைசி வரியில் அழைத்து, அதே வரியில் ஓட்டத்தை முடிக்கும் எக்ஸிட்டும் போடுங்கள். திருத்தும்போது வேறு பெயரில் எழுதி, நகர்த்தும் கட்டளையான எம்வி கொண்டு இடம் மாற்றுங்கள்.

சரி, நான் இப்போது எல்லா இடத்திலும் வைத்திருப்பது இது. பெயரால் வரிசை, 'முடிந்தது' உள்ளவற்றில் கடைசி 30, மீதி நேராக அழியாமல் அதே டிஸ்க்கில் 'கழிவு' என்ற ஃபோல்டருக்குப் போகும். ஒரே டிஸ்க்குக்குள் என்பதால் 4 ஜிபியும் நொடியில் நகரும். இடம் ஏழு நாள் கழித்துத்தான் கிடைக்கும், அந்த அளவுக்கு டிஸ்க்கில் மிச்சம் வைத்துக்கொள்ள வேண்டும். நகர்த்தினாலும் எம்டைம் பழையதாகவே இருக்கும். கழிவுக்குள்ளும் வயதை எம்டைமால் பார்த்தால் அன்றிரவே போய்விடும். அதனால் நகர்த்திய தேதியில் ஓர் உள் ஃபோல்டர் போட்டு, அதன் பெயரைப் பார்த்து அழிக்கிறேன். இந்த ஏழு நாளில் இரண்டு முறை போன் வந்திருக்கிறது, போன மாதத்து ஃபோல்டர் ஒன்று வேண்டும் என்று. இரண்டு முறையும் ஒரே ஓர் எம்வி கட்டளையில் எடுத்துக்கொடுத்தேன்.