அறுபதில் மறுபடி படம் எடுக்க: போனா, பழைய கேமராவா?

கல்லூரி நாளில் இயக்குநர் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, ஓய்வு பெற்றபின் கும்பகோணம் பக்கம் குறும்படம் எடுக்கக் கிளம்புகிறவர்களுக்கு முதல் குழப்பம் இதுதான். கையிலிருக்கும் போன் போதுமா, செகண்ட் ஹேண்டில் ஒரு மிரர்லெஸ் கேமரா (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றக்கூடிய வகை) வாங்கலாமா?

படத்தரத்தில் கேமராதான் மேல். ஒளியைப் படமாக்கும் சென்சார் பெரிது, இருட்டியபின் சுவாமி புறப்பாட்டைத் தீவட்டி வெளிச்சத்தில் எடுத்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் நொடிக்கு 24 பிரேம் (படம்), ஒவ்வொன்றுக்கும் 1/50 நொடி ஒளி விடும் ஷட்டர் வைத்து நடுப்பகல் வயலை எடுக்க, வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸ் முன் மாட்டும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டர் வேண்டும். பழைய மாடல்கள் பலவற்றில் 29 நிமிடம் 59 நொடியில் பதிவு நின்றுவிடும். (அரை மணியை எட்டினால் வீடியோ கேமரா என்று ஐரோப்பாவில் கூடுதல் சுங்கவரி இருந்த காலத்து ஏற்பாடு.) மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறந்த வருடங்களின் குறுவைக் கதையை ஒரு தாத்தா சொல்ல ஆரம்பித்தால் அரை மணிக்குள் முடிப்பாரா என்ன!

போனில் அந்தத் தொல்லை இல்லை. பெரிய கேமராவைப் பார்த்தால் நாற்று நடும் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். போனை யாரும் கண்டுகொள்வதில்லை. ஒரு குறை: பல போன்கள் பிரேம் வேகத்தை மாற்றி மாற்றிப் பதியும், எடிட்டிங்கில் உதட்டசைவும் குரலும் விலகும். வேகத்தை நிலையாக வைக்கும் ஆப் போட்டால் சரி.

ஒலியில் இரண்டுமே மோசம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும், உள் மைக் எம்மாத்திரம்? என் ஓட்டு போனுக்குத்தான். கேமராவுக்கு ஒதுக்கிய பணத்தில் காற்றைத் தடுக்கும் உறையோடு ஒரு காலர் மைக் வாங்குங்கள், அப்புறம் ஒரு ட்ரைபாட்.