எக்ஸ் ப்ளஸ் ஒன் பை டூ: காதுக்கா, விரலுக்கா?

கரும்பலகையில் எழுதிக்கொண்டே "எக்ஸ் ப்ளஸ் ஒன் பை டூ" என்கிறார் ஆசிரியர். பின்னக்கோடு எதன் கீழெல்லாம் ஓடுகிறது என்பது பார்க்கிற பிள்ளைக்குத் தெரியும். காதால் மட்டும் கேட்கிற பிள்ளைக்கோ அது இரண்டு கணக்கு. எக்ஸ் 3 என்றால் ஒன்றின் விடை 2, மற்றதன் விடை 3.5. பார்வையற்ற மாணவருக்குக் கணிதக் குறியீட்டைக் கொண்டுசேர்க்கும் வழிகளை இந்த ஒரு பின்னத்தை வைத்தே உரசிப் பார்த்துவிடலாம்.

முதலில் பேச்சு. "ஏ ப்ளஸ் பி ஹோல் ஸ்கொயர்" என்று நம் வகுப்புகளில் சொல்கிறோமே, அந்த 'ஹோல்' வாயால் போடும் அடைப்புக்குறிதான். ஆனால் பின்னத்துக்குள் பின்னம் வந்தால் அது தாங்காது. பார்வையற்ற கணிதப் பேராசிரியரான ஆபிரகாம் நெமத், தனக்குப் படித்துக்காட்டுபவர்களுக்காக ஒரு முறை வகுத்தார். பின்னம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் அதில் சொல்லியே ஆகவேண்டும். குழப்பம் தீரும், ஆனால் வாக்கியம் நீண்டுவிடும். புனேயில் பிறந்த டி. வி. ராமன் 1994இல் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வுக்காகச் செய்த 'ஆஸ்டர்' மென்பொருள், அடுக்குகளைச் சுருதி உயர்த்திச் சொன்னது. (ஆஸ்டர் என்பது அவருடைய வழிகாட்டி நாயின் பெயர்.)

இன்றைய வசதி இன்னும் மேல். இணையப் பக்கத்தில் சூத்திரம் மேத்எம்எல் வடிவில் (சூத்திரத்தின் அமைப்பைக் கணினிக்குப் புரியும்படி குறிக்கும் மொழி) இருந்தால், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானோடு, கணிதத்தை வாசிக்க உதவும் மேத்கேட் மென்பொருளைச் சேர்த்துக்கொண்டு, அம்புக்குறி விசைகளால் தொகுதிக்குள் நுழையலாம், பகுதிக்கு இறங்கலாம், விட்ட இடத்துக்குத் திரும்பலாம். மேத்எம்எல் வந்தது 1998இல். குரோம் உலாவி அதை நிலையாக ஏற்றுக்கொண்டது 2023இல்தான்! சூத்திரத்தைப் படமாக ஒட்டிவிட்டால் இதெல்லாம் வீண்.

அப்புறம் பிரெய்ல். இங்கேதான் உண்மையான போட்டி. நெமத் 1952இல் வெளியிட்ட கணிதக் குறிமுறையில் நம் பின்னம் ஏழே கட்டங்களில் (ஒரு கட்டம் என்பது ஆறு புள்ளிகளுக்கான இடம்) அடங்கிவிடுகிறது. ஒருங்கிணைந்த ஆங்கில பிரெய்லில் குறைந்தது 11 வேண்டும். காரணம் எண்கள். ஆங்கில பிரெய்லில் எண்கள் என்பவை ஏ முதல் ஜே வரையிலான எழுத்துகளே; முன்னால் எண்குறி போட்டால்தான் அவை எண்ணாகும். நெமத் அதே புள்ளிகளை ஒரு வரிசை கீழே இறக்கிவிட்டார். அதனால் கூட்டல் குறிக்குப் பிறகு எண்குறி தேவையில்லை, எழுத்தும் எண்ணும் முட்டிக்கொள்வதுமில்லை. பிரிட்டன் கணிதத்துக்கும் ஒருங்கிணைந்த பிரெய்லையே எடுத்துக்கொண்டது. அமெரிக்கா 2016இல் அதற்கு மாறியபோதும் கணிதத்துக்கு நெமத்தைக் கைவிடவில்லை. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் எண்குறியோடு படித்து வரும் தமிழ்க் குழந்தைக்கு நெமத் எண்களைப் புதிதாகத்தான் பழக வேண்டியிருக்கும். அந்தச் சிரமம் தகும் என்பேன். கணக்கு நீளும்போது விரலுக்கடியில் குறையும் ஒவ்வொரு கட்டமும் லாபம்.

மூன்றாவது லேட்டெக், அதாவது சூத்திரத்தைச் சாதாரண எழுத்துகளாலான கட்டளைகளாகத் தட்டச்சு செய்யும் முறை. "பேக்ஸ்லாஷ் ஃப்ராக், அடைப்பு, எக்ஸ் ப்ளஸ் 1, அடைப்பு முடிவு, அடைப்பு, 2, அடைப்பு முடிவு" என்று திரைவாசிப்பான் ஒப்பிக்கும். நிறுத்தற்குறி வாசிப்பைக் கூட்டி வைக்காவிட்டால் அடைப்புகளை விழுங்கவும் செய்யும். கேட்டுப் படிப்பதற்கு இது தண்டனைதான். எழுதுவதற்கோ வரம்: சாதாரண விசைப்பலகை போதும், அச்சில் வருவதை பிரெய்ல் தெரியாத ஆசிரியரும் திருத்தலாம்.

ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு லேட்டெக் கற்றுத்தருவதை நான் ஏற்கமாட்டேன். வெறும் ஒலியை மட்டும் நம்பி இயற்கணிதம் தொடங்குவதையும்தான். சமன்பாட்டில் ஒரு உறுப்பை இடமிருந்து வலத்துக்கு மாற்றும்போது முந்தைய வரி கைக்குக் கீழே இருக்க வேண்டும். கேட்ட வரியோ காற்றோடு போய்விடும். பள்ளிக்கு நெமத். கல்லூரிக்குப் போனதும் படிக்க மேத்எம்எல், விடை எழுத லேட்டெக். அப்போதும் பக்கத்தில் கையால் பிரெய்ல் எழுதும் ஸ்லேட் ஒன்று இருக்கட்டும், இடைக்கணக்குகளைப் போட்டுப் பார்க்க.