மாடி டேங்க் லைன்: ஜிஐயா, யுபிவிசியா, சிபிவிசியா?

கடலூர் தேவனாம்பட்டினமோ புதுச்சேரி குருசுக்குப்பமோ, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு இருந்தால் மாடி டேங்கிலிருந்து இறங்கும் லைனுக்கு ஜிஐ பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, யோசிக்கவே வேண்டாம். மரை வெட்டும் இடத்தில் துத்தநாகப் பூச்சு போய்விடுகிறது. உப்புக் காற்று அங்கேதான் முதலில் வாய் வைக்கும். ஒரு எல்போவை (வளைவு இணைப்பை) கழற்ற ரெஞ்ச் போட்டால் அடுத்த மரையும் கையோடு வந்துவிடும். புயலில் தென்னை மட்டை விழுந்தாலும் உடையாது என்பது மட்டும் அதன் பக்கம்.

மிச்சம் இரண்டும் பிளாஸ்டிக்: யுபிவிசி சாதாரண கெட்டி பிவிசி, சிபிவிசி குளோரின் கூடுதலாகச் சேர்த்த பிவிசி. மொட்டை மாடி வெயிலில் கிடக்கும் பகுதிக்கு என் ஓட்டு சிபிவிசிக்கு, விலை கூடுதல் என்றாலும்.

அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் குழாயைத் திறந்தால் முதலில் வரும் தண்ணீர் கையைச் சுடும். யுபிவிசி பச்சைத் தண்ணீருக்கானது; 45 டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கி கிளாம்புகளுக்கு நடுவே தொட்டில் மாதிரி தொங்கும், பாரம் எல்லாம் எல்போ ஜாயின்ட்டில் போய் இறங்கும். ஒரு மாடி உயர டேங்கின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஐந்து பவுண்டு கூட வராது. அதற்குக் குழாய் வெடிக்காது. கசிவது ஜாயின்ட்தான். சிபிவிசியில் எஸ்டிஆர் 11 குழாய் (வெளி விட்டம் சுவர்த் தடிமனைப்போல் 11 மடங்கு) 82 டிகிரியிலும் 100 பவுண்டு தாங்கும்.

ஆனால் சிபிவிசிக்குப் பராமரிப்பு உண்டு. புற ஊதாக் கதிரில் மேல்பரப்பு வெளிறி, தேய்த்தால் கையில் மாவு ஒட்டும். அப்புறம் ஏணி தட்டினாலே விரிசல் விடும். வெள்ளை யுபிவிசி இந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் தேவலை. மருந்து பெயின்ட்தான்: தண்ணீரில் கலக்கும் வெள்ளை எக்ஸ்டீரியர் எமல்ஷன், இரண்டு கோட். ஒரு இன்ச் குழாய் 20 மீட்டருக்கு அரை லிட்டர் போதும். அடிக்கும் முன் உப்புத் தூசியை ஈரத் துணியால் துடைத்துக் காயவிடுங்கள். மீந்த எனாமலை அடித்துவிடாதீர்கள், அதில் இருக்கும் தின்னர் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். பெயின்ட் உரியும் இடத்தை வருஷா வருஷம் பங்குனியில் பார்த்துத் தொட்டுவிட்டால் போதும்.

கெடுவது பெரும்பாலும் பொருத்துகிற கையால். 10 மீட்டர் நேர் லைன் 30 டிகிரி சூடேறினால் 2 சென்டிமீட்டர் நீளும். கிளாம்பை மூன்றடிக்கு ஒன்று போடுங்கள், ஆனால் குழாய் உள்ளே நகர வேண்டும். எல்போவை ஒட்டி இறுக்கினால் நீட்சி முழுக்க அந்த ஜாயின்ட்டைத்தான் பிடுங்கும். பையில் இருக்கிறதே என்று பிளம்பர் யுபிவிசி சொல்யூஷனை (ஒட்டும் பசையை) தடவினால் தடுத்துவிடுங்கள், சிபிவிசிக்குத் தனி டின். குழாயிலும் சாக்கெட்டிலும் தடவி, கால் சுற்று சுற்றி, அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் குழாய் பின்னால் தள்ளிக்கொண்டு வரும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காய இன்னும் நேரம் கொடுங்கள்.

பிபிஆர் என்ற இன்னொரு பிளாஸ்டிக் குழாயும் சூடு தாங்கும், ஜாயின்ட் உருகி ஒன்றாகிவிடும். ஆனால் அவசரத்துக்கு ஒட்டுப்போட வெல்டிங் மெஷின் உள்ள ஆள் வேண்டும். கடலோர வெயிலில் பத்து வருஷம் எப்படி உழைக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

எந்தக் குழாய் ஆனாலும் மாடி நடுவே இழுக்காமல் மேற்குக் கைப்பிடிச் சுவரின் உள்பக்கம் ஒட்டிக் கொண்டுபோங்கள். மத்தியானம் தாண்டியதும் நிழல் விழுவது அங்கேதான்.